எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆறு: மேப் போதும், கதவைச் சாத்துங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் கேம் ஆடுகிற தம்பிகளிடம் எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்கிற வாள், மந்திர சாகசக் கேம் வரிசையின் அடுத்த பாகத்தில் என்ன வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "மேப் இன்னும் பெருசா இருக்கணும் அண்ணே." எனக்குப் பயமே அங்கேதான்.

இதுவரை வந்த பாகங்கள்: 1994 அரீனா, 1996 டாகர்ஃபால், 2002 மோரோவிண்ட், 2006 ஒப்லிவியன், 2011 நவம்பர் 11 ஸ்கைரிம். அதோடு நின்றது. 2018 ஜூனில் ஆறாவது பாகத்துக்கென்று அரை நிமிடச் சொச்சம் ஒரு காட்சி காட்டினார்கள். மலை, கடலோரம், பெயர், அவ்வளவுதான். ஸ்கைரிம் வந்த வருடம் பிறந்த பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிப் படிவம் ஒன்றையே தாண்டிவிட்டார்கள். இவ்வளவு காக்க வைத்துவிட்டு வெறும் பரப்பளவைக் காட்டினால் எனக்கு மனசு ஆறாது.

பரப்பளவு என்ன செய்யும் என்று இந்த வரிசையைச் செய்கிற அதே பெத்தெஸ்டா நிறுவனமே 2023 செப்டம்பரில் ஸ்டார்ஃபீல்ட் என்கிற விண்வெளிக் கேமில் காட்டிவிட்டது. ஆயிரத்துக்கும் மேல் கிரகங்கள். ஒன்றில் இறங்கினால் கைவிடப்பட்ட உறைகுளிர் ஆய்வுக்கூடம் ஒன்று. வேறொரு நட்சத்திரத்துக்குப் போய் இறங்கினால் அதே கூடம், அதே அறைகள், பிணம்கூட அதே மூலையில். நம் ஊருக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோண நடவு, ஹெக்டருக்குச் சுமார் 140 மரம். எந்த வரிசையில் நுழைந்தாலும் முந்தைய வரிசைதான். எண்ணெய் எடுக்க அது சரியான ஏற்பாடு. உள்ளே போய்த் தொலைந்து ரசிப்பதற்கு எவனும் போகமாட்டான். லயத்து வீடு, முனீஸ்வரர் கோயில், வளைந்து போகிற குறுக்குப் பாதை என்று மனிதன் கை பட்ட இடத்தில்தான் கால் நிற்கும்.

கை பட்ட இடம் என்றால் என்ன என்பதற்கு ஸ்கைரிமின் தொடக்கத்தில் வருகிற பிளீக் ஃபால்ஸ் பாரோ என்கிற பழைய கல்லறைக் குகையைச் சொல்வேன். ரிவர்வுட் கடைக்காரர் லூக்கனின் தங்க நகம் (டிராகன் பாத வடிவப் பொருள்) திருடு போயிருக்கிறது. மலை ஏறுகிறோம். உள்ளே முதல் புதிர்: மூன்று தூண்களைத் திருப்பிப் பாம்பு, பாம்பு, திமிங்கலம் என்று நிறுத்த வேண்டும். விடை எதிரே கண்ணுக்கு முன்னால்தான் இருக்கிறது, ஆனால் நடுச்சிலை பெயர்ந்து கீழே விழுந்து கிடக்கும். அதைக் கவனிக்காமல் நெம்புகோலை இழுத்தால் அம்பு பாயும். அப்புறம் சிலந்தி வலையில் சிக்கிக் கத்துகிற திருடன் ஆர்வெல். அறுத்துவிட்டதும் நன்றியில்லாமல் ஓடுவான். அவனுடைய குறிப்பேட்டில், விடை உள்ளங்கையில் இருக்கிறது என்று எழுதியிருக்கும். பொருள் பட்டியலில் நகத்தைத் திருப்பிப் பார்த்தால் கரடி, அந்துப்பூச்சி, ஆந்தை உருவங்கள் செதுக்கியிருக்கும். கடைசிக் கதவில் சுழலும் வளையங்களை வெளியிலிருந்து உள்ளே அந்த வரிசையில் வைத்தால் திறக்கும்.

ஒரு கையேடும் இல்லாமல் கேம் நமக்கு மூன்று பாடம் நடத்திவிட்டது: சுற்றிப் பார், எழுதியிருப்பதைப் படி, கையில் இருப்பதைத் திருப்பிப் பார். அதோடு முடியவில்லை. அங்கே கிடைக்கிற டிராகன் கல்லைப் பின்னால் வைட்ரன் அரண்மனை மந்திரவாதி எடுத்துவரச் சொல்வான். முன்கூட்டியே எடுத்திருந்தால் அப்போதே அவன் கையில் கொடுத்துவிடலாம். நகத்தை லூக்கனிடம் திருப்பிக் கொடுத்தால் கடை மேசை மேலேயே வைத்துவிடுவான், எப்போது போனாலும் கண்ணில் படும். ஆறாவது பாகத்தில் இப்படிப்பட்ட குகை ஐம்பது இருந்தால் போதும். ஐந்நூறு வேண்டாம்.

ஸ்கைரிம் சறுக்கிய இடமும் உண்டு, அதையும் மூடி மறைக்கக் கூடாது. விண்டர்ஹோல்ட் மந்திரக் கல்லூரி வாசலில் ஒரு மந்திரம் போட்டுக் காட்டச் சொல்வாள் ஃபராள்டா. தெரியாது என்றால் அவளே அதை விற்பாள்! அதற்கப்புறம் கோடாரியை வைத்தே வெட்டிக்கொண்டு போய்க் கல்லூரித் தலைவராகிவிடலாம். பட்டையைக் காயப்படுத்தாமல் ஒரு பால்மரம் வெட்டத் தெரியாதவனை மண்டோராக்கினால் தோட்டத்தில் எவன் மதிப்பான்?

ஒப்லிவியனில் அப்படி நடக்காது. ஏழு ஊர்களின் மந்திரவாதிச் சங்கங்களிலும் வேலை செய்து சிபாரிசு வாங்கினால்தான் பல்கலைக்கழகக் கதவே திறக்கும். உள்ளே போனால் சொந்தமாக மந்திரம் செய்கிற மேடை காத்திருக்கும். நெருப்பும் முடக்கமும் சேர்த்து, எத்தனை விநாடி, எவ்வளவு பரப்பு என்று நாமே நிர்ணயிக்கலாம். பட்ட கஷ்டத்துக்குப் பலன் இருந்தது. மோரோவிண்ட் இன்னும் கறார். குறிப்பிட்ட திறன்கள் குறிப்பிட்ட அளவு ஏறாமல் பதவி உயர்வே கிடையாது. மந்திரம் செய்கிற வசதியை ஸ்கைரிமில் எடுத்துவிட்டார்கள். ஆறாவதில் அது திரும்பி வராவிட்டால் எனக்குக் கோபம் வரும். மோரோவிண்டிலிருந்து ஸ்கைரிம் வரை திறன்கள் 27, 21, 18 என்று குறைந்துகொண்டே வந்ததைப் பற்றிச் சிலர் புலம்புவார்கள், எனக்கு அதில் அவ்வளவு வருத்தமில்லை. எண்ணிக்கையா முக்கியம்? திறன் இல்லாதவனிடம் கதவு "முடியாது" என்று சொல்ல வேண்டும்.

கேமுக்குள் இருக்கிற ஆட்களும் அப்படித்தான். ஸ்கைரிமில் முக்கியமானவர்களை வெட்டினால் மண்டியிட்டு மூச்சு வாங்கிவிட்டு எழுந்து நிற்பார்கள். மோரோவிண்டில் செத்தால் செத்ததுதான். விதியின் இழை அறுந்துவிட்டது, பழைய சேவுக்கு (சேமித்து வைத்த ஆட்டத்துக்கு) திரும்பு அல்லது நீயே கெடுத்த உலகத்தில் கிட என்று கேம் எச்சரிக்கும். முடிவு நம் தலையில் விழும்.

கேமை ஓட்டுகிற அடிப்படை மென்பொருளான பெத்தெஸ்டாவின் சொந்த எஞ்சினை வீசிவிட்டு அன்ரியல் என்கிற வேறு நிறுவன எஞ்சினுக்குப் போகச் சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போகமாட்டேன். ஒரு மேசையில் வைத்த பாலாடைக்கட்டி நாற்பது மணி நேரம் ஆடிவிட்டு வந்தாலும் அங்கேயே இருப்பது இந்த எஞ்சினின் பழக்கம். நகர்த்திய ஒவ்வொரு சாமானையும் சேவ் கோப்பு நினைவில் வைக்கும். அதற்கு விலையும் உண்டு. பிளேஸ்டேஷன் 3இல் நினைவகம் 256 எம்பி, 256 எம்பி என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். சேவ் பருக்கப் பருக்க ஸ்கைரிம் அதில் நத்தையாக நகர்ந்தது அதனால்தான். 2025 ஏப்ரலில் வந்த ஒப்லிவியன் மறுபதிப்பும் படத்துக்கு மட்டும்தான் அன்ரியல் 5ஐ வைத்துக்கொண்டது, அடியில் ஓடுவது பழைய எஞ்சின். திருத்த வேண்டியது வேறு: பௌதிகக் கணக்கைப் பிரேம் வேகத்தோடு (விநாடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதோடு) கட்டியிருந்தார்கள். 144 ஹெர்ட்ஸ் திரையில் விசின்க்கை (படங்களைத் திரையின் வேகத்தோடு கட்டும் அமைப்பை) அணைத்துவிட்டு ஸ்கைரிமைத் தொடங்கினால் முதல் காட்சியிலேயே மாட்டுவண்டி குட்டிக்கரணம் போடும் (சரி, குதிரைவண்டி). கிராஃபிக்ஸ் அட்டை அமைப்பில் 60 பிரேமுக்குப் பூட்டுங்கள், அடங்கிவிடும்.

இன்னொரு வேண்டுதல் நம்மைப் போன்ற ஊர்களுக்கானது. 2011 ஸ்கைரிம் கேட்ட இடம் 6 ஜிபி. ஸ்டார்ஃபீல்டும் ஒப்லிவியன் மறுபதிப்பும் தலா 125 ஜிபி. லயத்துப் பக்கம் 10 எம்பிபிஎஸ் இணைப்பில் அதை இறக்க, லைன் அறுபடாமல் இருந்தாலே 28 மணி நேரம் ஆகும். இடி மழை மாதத்தில் கேட்கவே வேண்டாம். 2012 பிப்ரவரியில் உயர் துல்லியப் படங்களைத் தனி இலவசப் பொதியாகக் கொடுத்தவர்கள்தானே இவர்கள், ஆறாவதுக்கும் அப்படியே பிரித்துக் கொடுக்கட்டும். அதுவரை, ஒரே வீட்டில் இரண்டு கணினி இருந்தால் ஒன்றில் மட்டும் இறக்குங்கள். கேம் விற்கிற ஸ்டீம் தளத்தில் உள்ளூர் வலையமைப்பு வழியாக மாற்றும் வசதி 2023 முதல் இருக்கிறது, மற்றதுக்கு ரவுட்டர் வழியாகவே போய்விடும்.

காத்திருக்கிற நேரத்தில் மோட் (ரசிகர்கள் செய்த கூடுதல் மாற்றங்கள்) போடுகிறவர்களுக்கு ஒன்று. ஸ்கைரிமின் ஸ்டீம் அமைப்பில், ஆடத் தொடங்கும்போது மட்டும் புதுப்பி என்று மாற்றிவிட்டு, எஸ்கேஎஸ்இ என்கிற மோட் துணைக் கருவியின் சொந்த லோடர் வழியாக மட்டும் கேமைத் திறவுங்கள். இல்லாவிட்டால் புதுப்பிப்பு வந்த மறுநாள் எஸ்கேஎஸ்இ பொருந்தாது, அதை நம்பியிருக்கிற மோட் அத்தனையும் படுத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கிற சேவிலிருந்து ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) உள்ள மோடைப் பாதியில் உருவவும் வேண்டாம். மோட் போனாலும் அதன் ஸ்கிரிப்ட் மிச்சம் சேவுக்குள்ளேயே கிடக்கும், இருபது மணி நேரம் கழித்து எங்கேயோ ஒரு கதவருகே கேம் விழும்போது காரணம் பிடிபடாது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் அதைப் போடுவதற்கு முந்தைய சேவிலிருந்து தொடங்குங்கள்.