99.1 சதவீதம் எதைச் சொல்கிறது?

"ஓலா ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களில் 99.1% பேர் திருப்தியாக இருக்கிறார்கள், புகார் எல்லாம் சும்மா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த எண் அதைச் சொல்லவில்லை.

2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஓலா எலெக்ட்ரிக் பற்றி வந்த புகார்கள் 10,644. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியதும், அவற்றில் 99.1% தீர்த்துவிட்டோம் என்று கம்பெனியே பதில் சொன்னது. அதாவது புகார் கொடுத்தவர்களைப் பற்றிய கணக்கு, அதுவும் கம்பெனி சொன்னது.

அதற்காக, "வாங்கியவன் எல்லாம் அழுகிறான்" என்று அவருக்குப் பதிலாகச் சிலர் கிளம்பியதும் சரியில்லை. 2023-24 நிதியாண்டில் மட்டும் மூன்று லட்சம் வண்டிக்கு மேல் விற்றிருக்கிறார்கள். நன்றாக ஓடுகிற வண்டிக்காக யாரும் உதவி எண்ணைக் கூப்பிடுவதில்லை. அதேபோல, பாதிக்கப்பட்ட எல்லாருமே அதுவரை போவதும் இல்லை.

புகார்களைப் பிரித்துப் பாருங்கள்: சர்வீஸ் தாமதம் 3,389, டெலிவரி தாமதம் 1,899. வண்டி ஓட்டப் பிடித்திருக்கிறது, சர்வீஸ் சென்டர் பக்கம் போனால்தான் கடுப்பு என்று ஒரே ஆள் இரண்டையும் சொல்ல முடியும். வாங்குகிற யோசனை இருந்தால், உங்கள் ஊர் சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்பவர்களிடம், வண்டியை விட்டு எத்தனை நாள் ஆச்சு என்று கேளுங்கள்.