எட்டுப் போட்டால் போதுமா?

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. அந்த வருடம் விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. சாவை எண்ணுகிறோம். ஆனால் உயிரோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள், என்ன நினைத்து ஓட்டுகிறார்கள் என்று யார் அளக்கிறார்கள்?

இது அளக்க முடியாத விஷயம் இல்லை. 1990-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரீசனும் அவரது குழுவினரும் 520 ஓட்டுநர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு செயலையும் சொல்லி, இதை எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். பதில்களில் பிழை வேறு, மீறல் வேறு என்று தெளிவாகப் பிரிந்தது. கண்ணாடியைப் பார்க்க மறப்பது பிழை. தெரிந்தே வேக வரம்பைத் தாண்டுவது மீறல். வயது கூடக்கூட மீறல் குறைந்தது, பிழை குறையவில்லை. விபத்தோடு தொடர்பு உள்ளது மீறல்தான் என்று அதே குழு 1995-இல் காட்டியது.

நம் ஊரில் லைசென்ஸ் வாங்க எட்டுப் போடச் சொல்கிறோம். காலை ஊன்றாமல் ஓட்டுவது திறமை, சரி. ஆனால் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு போய், போலீஸைப் பார்த்ததும் தலையில் கவிழ்ப்பவருக்குத் திறமையும் இருக்கிறது, சட்டமும் தெரியும். அவருக்கு விழிப்புணர்வு வகுப்பு எடுத்து என்ன பயன்? ஹெல்மெட் போடாமல் அதே 2022-இல் இறந்தவர்கள் 50,029 பேர்.

இத்தனை ஆயிரம் வழக்குப் போட்டோம் என்று சொல்வதும் அளவு ஆகாது. வழக்கு கூடினால் போலீஸ் கூடுதலாக நின்றார்கள் என்றுகூட அர்த்தம் இருக்கலாம். போலீஸ் இல்லாத நேரத்தில், ஒரே சிக்னலில், மாதாமாதம் ஒரே மணிக்கு ஹெல்மெட் போட்ட தலைகளை எண்ணட்டும். அதுதான் உண்மையான கணக்கு.

எண்ணுவதோடு நிறுத்தாமல் ஏன் என்றும் கேட்க வேண்டும். ராங் சைடில் வருகிறவரை நிறுத்திக் கேட்டால், "யூ டர்ன் ரொம்ப தூரம் சார்" என்பார். பலர் அதையே சொன்னால் அந்தச் சாலையின் வடிவமைப்பையும் பார்க்கத்தானே வேண்டும்? வெறும் அபராத ரசீதில் இந்தப் பதில் கிடைக்காது. பேர் எழுதாமல் கேட்டால் மக்கள் பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள் என்றே நான் நம்புகிறேன்.

மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது, கலெக்டர்தான் தலைவர். பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்களை வைத்தே இதைத் தொடங்கலாம். உங்கள் ஊர் மனுநீதி நாளில் இதை ஒரு மனுவாக எழுதிக் கொடுங்கள். நானும் கொடுக்கப் போகிறேன்.