கதவுச் சத்தத்தை நம்பி கார் வாங்காதீர்கள்

கார் ஷோரூமில் நம் ஆட்கள் செய்யும் சோதனை மொத்தமே மூன்றுதான். கதவை ஓங்கிச் சாத்துவது. பானெட்டைக் கட்டைவிரலால் அமுக்குவது. பம்பரைத் தட்டிவிட்டு, "எல்லாம் பிளாஸ்டிக்குங்க" என்று உதட்டைப் பிதுக்குவது. ஒரகடம் பக்கம் காருக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனியில் நான் குவாலிட்டியில் இருக்கிறேன். அதனால் சொந்தத்தில் யார் கார் பார்க்கப் போனாலும் என்னையும் ஏற்றிக்கொள்கிறார்கள். போன இடத்தில் சித்தப்பா கதவைச் சாத்திவிட்டு, "கேட்டியாடா, பேங்க் லாக்கர் மாதிரி இருக்கு" என்றார். சேல்ஸ் பையன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அந்த மூன்று சோதனையிலும் வண்டியின் பலம் தெரியாது என்பதுதான் என் கட்சி.

கதவுச் சத்தம் என்பது உட்கார்ந்து யோசித்துத் தயாரிக்கிற சத்தம். தகட்டின் உள்பக்கம் அதிர்வைக் குறைக்க ஒரு தார் ஷீட் ஒட்டுவார்கள். ரப்பர் பீடிங்கை இரண்டு வரிசையாகக் கொடுப்பார்கள். பூட்டின் கொக்கிக்குப் பிளாஸ்டிக் உறை போடுவார்கள். 'டங்' போய் 'தொப்' வந்துவிடும். பக்கவாட்டில் லாரி வந்து இடித்தால் தாங்குவதற்குக் கதவுக்குள் ஒரு இரும்புக் குழாய் போகும். அது எவ்வளவு உறுதி என்று இந்தத் 'தொப்'பு சொல்லாது.

நம் நாட்டில் கதவுச் சத்தத்துக்காகவே ரசிகர் கூட்டம் வைத்திருந்த வண்டி ஃபோக்ஸ்வேகன் போலோ. கார்களை மோதவிட்டு, பாதுகாப்புக்கு ஐந்துக்கு எத்தனை ஸ்டார் என்று சொல்லும் அமைப்பு குளோபல் என்கேப். 2014 ஜனவரியில் அவர்கள் இந்தியக் கார்களை முதன்முதலாக மோதவிட்டபோது, ஏர்பேக் இல்லாத போலோவுக்குக் கிடைத்தது பூஜ்யம். கூடப் போன ஆல்டோ 800, நானோ, ஹூண்டாய் ஐ10, நம் மறைமலைநகர் ஃபோர்டு ஃபிகோ எல்லாவற்றுக்கும் அதே பூஜ்யம்தான். ஆனால் அறிக்கையை உள்ளே போய்ப் படித்தால் வேறு கதை. போலோவும் ஃபிகோவும் ஆட்கள் உட்காரும் கூடு குலையாமல் நின்றன, மற்ற மூன்றின் கூடு தாங்கவில்லை. அதே போலோவில் இரண்டு ஏர்பேக் வைத்து மோதினார்கள், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் நான்கு ஸ்டார் வந்தது. கதவு அதே கதவு, சத்தமும் அதே சத்தம்.

இந்தப் பக்கம் பாருங்கள். 'தகர டப்பா' என்று ஊரே கேலி செய்யும் மாருதியின் புது டிசையர், 2024 நவம்பரில் அதே குளோபல் என்கேப்பில் ஐந்து ஸ்டார் வாங்கியது. அதன் பானெட்டையும் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள், அமுங்கத்தான் செய்யும்.

அமுங்கினால் என்ன? வெளித்தகடு பெரும்பாலான கார்களில் சுமார் 0.7 மில்லிமீட்டர்தான். அது சட்டை. எலும்பு உள்ளே இருக்கிறது: கண்ணாடியின் இரு பக்கத் தூண், நடுத்தூண், கதவுக்குக் கீழே ஓடும் சட்டம். நல்ல வண்டிகளில் இதற்கென்று தனி ஸ்டீல். சுமார் 900 டிகிரிக்குச் சூடாக்கி, அச்சுக்குள்ளேயே அழுத்தி, அங்கேயே குளிரவைப்பார்கள். வெளித்தகட்டைவிட நாலைந்து மடங்கு பலம். இதை ஷோரூமில் எந்த விரலாலும் தொட முடியாது. பம்பரும் அப்படியே, வெளியே தெரிகிற பிளாஸ்டிக் வெறும் மூடி, இடியை வாங்கும் பீம் அதற்குப் பின்னால். "அம்பாசிடர் தகடு மாதிரி வருமா?" என்று கேட்கும் பெரியப்பாக்களுக்கு ஒரு வார்த்தை: முன்பக்கம் நசுங்கினால்தான் இடியின் வேகம் அங்கேயே செலவாகும். நசுங்காத வண்டியில் அது நேராக உள்ளே இருப்பவர் நெஞ்சுக்கு வரும்.

ஆகவே பலத்தை வீட்டிலேயே போனில் பார்த்துவிட்டுப் போங்கள். 2023 அக்டோபரிலிருந்து நம் அரசின் பாரத் என்கேப்பும் 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்து மதிப்பெண் போடுகிறது. வெறும் ஸ்டாரை எண்ணாதீர்கள். எந்த வருஷத்து மாடல், எத்தனை ஏர்பேக் உள்ள வேரியன்ட் என்று பாருங்கள். குளோபல் என்கேப் அறிக்கை என்றால் கூடு நிலையாக நின்றதா என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

அப்போ ஷோரூமுக்கு எதற்குப் போவது? வேலைப்பாட்டைப் பார்க்க. பலம் வேறு, ஃபினிஷிங் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இவ்வளவு வம்பு. எங்கள் பாஷையில் இதற்கு 'கேப் அண்ட் ஃப்ளஷ்'. பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் (முன்சக்கரத்துக்கு மேலே வரும் தகடு) நடுவில் உள்ள இடைவெளி இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே அளவா? விளக்குப் பக்கம் குறுகி, கண்ணாடிப் பக்கம் அகலமாகப் போகிறதா? கண்ணை மூடிக்கொண்டு ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கு விரலை ஓட்டுங்கள். படி மாதிரி தட்டினால் அது மேடுபள்ளம். அப்புறம் குனிந்து, ஷோரூம் கூரையின் டியூப்லைட் கதவில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். கோடு நேராக ஓடினால் தகடு சுத்தம், நெளிந்தால் அங்கே ஏதோ இருக்கிறது.

கதவு ரப்பரை லேசாக விலக்கிப் பாருங்கள், டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி ஸ்டெப்னி பள்ளத்தைப் பாருங்கள். தகடுகள் சேரும் இடத்தில் பூசும் சீலன்ட் பசை அசிங்கமாக இருந்தால் பரவாயில்லை. நடுவில் விட்டுப்போயிருந்தால்தான் தண்ணீர் இறங்கும், துரு பிடிக்கும். கதவுக் கீல் போல்ட்டில் பெயின்ட் உரிந்திருந்தால் உடனே "ஆக்சிடென்ட் வண்டி" என்று கத்த வேண்டாம், பல தொழிற்சாலைகளில் பெயின்ட் முடிந்ததும் கதவைக் கழற்றித்தான் உள்வேலை செய்கிறார்கள். பானெட் போல்ட்டும் ஃபெண்டர் போல்ட்டும் ஒரே பக்கம் மட்டும் உரிந்திருந்தால் கேளுங்கள்.

டெஸ்ட் டிரைவில் பாட்டையும் ஏசியையும் முதலில் நிறுத்துங்கள். பையன் பைபாஸுக்குத்தான் கூட்டிப்போவான். நீங்கள் தோண்டிப் போட்ட தெருவாகப் பார்த்துத் திருப்புங்கள், டேஷ்போர்டு பேச ஆரம்பிக்கும்.

ஒன்று முக்கியம். ஷோரூமில் நிற்பது உங்கள் வண்டி இல்லை. உங்களுடையது எங்கோ ஒரு யார்டில் வெயிலும் மழையும் வாங்கிக்கொண்டு நிற்கும். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னால் பகல் வெளிச்சத்தில் அந்த வண்டியையே காட்டச் சொல்லுங்கள். டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும், 3225 என்றால் 2025-ன் 32-வது வாரம் செய்த டயர். நாலு டயரும் ஸ்டெப்னியும் ஒத்துப்போகிறதா பாருங்கள், சேஸிஸ் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "மாலை போட்டு டெலிவரி அன்னைக்குப் பார்க்கலாம் சார்" என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். நம்பர் விழுந்த பிறகு எந்தக் குறையைக் காட்டினாலும் "பாலிஷ் போட்டுத் தர்றோம் சார்" என்ற பதில்தான் வரும்.