5730 ஆண்டு, சரி. ஏன் 5730?

கீழடி பற்றிப் பேச்சு வந்தால், காலம் கணிக்க உதவும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 கூடவே வந்துவிடுகிறது. அதன் அரை ஆயுட்காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 5730 ஆண்டு என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அது ஆய்வகத்தில் அளந்து கிடைத்த எண். ஏன் அவ்வளவு, ஏன் ஒரு வாரமாக இல்லை என்று கேட்டுப் பாருங்கள். அணுக்கருக் கோட்பாட்டுக்காரர்கள் இந்தக் கேள்வியோடு பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

கார்பன்-14 சிதைவது பீட்டா சிதைவு என்ற முறையில். அதில் அணுக்கருவுக்குள் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, எலக்ட்ரானையும் எதிர் நியூட்ரினோவையும் வெளியே தள்ளுகிறது. ஃபெர்மி 1934-இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, வெளிப்படும் ஆற்றல். அது கூடக்கூட வேகம் கிடுகிடுவென ஏறும். ஆற்றல் அதிகமாக உள்ள சிதைவுகளில் ஏறக்குறைய ஐந்தாம் அடுக்கில். இந்தக் கணக்கு சுலபம். இன்னொன்று, அணுக்கருவின் உள்ளமைப்பு. தலைவலியே அதுதான்.

இதே முறையில் சிதையும் ட்ரிட்டியத்தை (கதிரியக்க ஹைட்ரஜன்) எடுத்துக்கொள்வோம். வெளிப்படும் ஆற்றல் 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அரை ஆயுள் 12.3 ஆண்டு. கார்பன்-14-க்கு ஆற்றல் 156. எட்டு மடங்குக்கும் மேல். ட்ரிட்டியத்துக்கு ஒத்துழைப்பதைப் போல உள்ளமைப்பு இதற்கும் ஒத்துழைத்திருந்தால், கார்பன்-14 சுமார் இரண்டு நாளில் பாதியாகியிருக்கும். நடப்பதோ அதைவிடக் கிட்டத்தட்ட பத்து லட்சம் மடங்கு மெதுவாக! (இல்லாவிட்டால் கரித்துண்டை வைத்துக் காலம் கணிப்பதெல்லாம் ஏது?)

காரணம், உள்ளே கூட்டலும் கழித்தலுமாக வரும் பங்களிப்புகள் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. லட்சக்கணக்கில் வரவு செலவு நடக்கும் கடையில் மாசக் கடைசியில் சில நூறு ரூபாய் மிஞ்சுகிற மாதிரி. கணக்கில் எங்கோ ஒரு சின்னப் பிசகு இருந்தாலும் அந்த மிச்சம் தலைகீழாகிவிடும். 2011-இல் மாரிஸ், வேரி, நவ்ராட்டில் குழுவினர் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்து சூப்பர் கம்ப்யூட்டரில் இதைப் போட்டுப் பார்த்தார்கள். கருவுக்குள் இரண்டிரண்டு துகள்களுக்கு (புரோட்டான், நியூட்ரான்) இடையிலான விசை மட்டும் போதவில்லை. மூன்று துகள்கள் சேர்ந்தால் மட்டுமே தோன்றும் விசையையும் சேர்த்தபிறகுதான் அந்த அடிதடி நடந்து, விடை பூஜ்யத்தை ஒட்டி வந்தது.

இதே துறையில் இன்னொரு கதையும் உண்டு. துகள்கள் கருவுக்குள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதாகக் கொள்ளும் ‘ஷெல் மாதிரி’ கணக்கிட்ட சிதைவு வேகம், அளந்த வேகத்தைவிடத் தொடர்ந்து கூடுதலாகவே வந்தது. சரி, சிதைவின் வலிமையைக் குறிக்கும் இணைப்பு மாறிலியைச் சுமார் 0.75-ஆல் பெருக்கிவிடுவோம் என்று பல காலம் ஓட்டினார்கள். ஏன் 0.75 என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம். 2019-இல்தான் வெள்ளீயம்-100 வரை அடிப்படை விசைகளிலிருந்தே கணக்கிட்டு, துகள்களுக்கு இடையிலான வலுவான பிணைப்பையும் இரண்டு துகள்கள் சேர்ந்து சிதைவில் பங்கெடுப்பதையும் கணக்கில் கொண்டால் அந்தக் குறைவு தானாகவே வருகிறது என்று காட்டினார்கள். ஒட்டுப்போட்டதை நான் குறை சொல்லமாட்டேன். ஒட்டு என்று சொல்லியேதான் போட்டார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு இடம். விண்வெளியில் தங்கமும் பிளாட்டினமும் உருவாகும் பாதையில் நியூட்ரான் மிகுந்த அணுக்கருக்கள் ஏராளம். அவற்றில் பல இன்னும் எந்த ஆய்வகத்திலும் அளக்கப்படவில்லை. அங்கே கோட்பாட்டு மாதிரிகள் தரும் எண்களை நம்பித்தான் ஓட வேண்டியிருக்கிறது. அப்படியொரு அணுக்கருவான நிக்கல்-78-இன் அரை ஆயுளை 2005-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் முதன்முதலாக அளந்தபோது சுமார் 110 மில்லி விநாடி வந்தது. அப்போதிருந்த பல கணிப்புகளைவிட இது நன்றாகவே குறைவு. அந்த ஒரு எண்ணாலேயே கனமான தனிமங்கள் உருவாகும் வேகக் கணக்கைத் திருத்த வேண்டியதாயிற்று. 2015-இல் ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிறுவனம் 110 அணுக்கருக்களின் அரை ஆயுளை ஒரே வீச்சில் வெளியிட்டபிறகு நிலைமை கொஞ்சம் தேவலாம்.

இப்போது அரை ஆயுளைக் கணிக்க இயந்திரக் கற்றலும் களத்தில் இறங்கியிருக்கிறது. தெரிந்த அணுக்கருக்களுக்கு நடுவே இருப்பதை அது அழகாக நிரப்பும், மறுக்கவில்லை. ஆனால் கார்பன்-14 மாதிரி ஒரு ஆள் தெரியாத பக்கம் உட்கார்ந்திருந்தால் என்ன செய்யும்? ஆற்றல் அதிகமாக இருக்கும் அணுக்கருக்களில் சிதைவு போய்ச் சேரப் பல நிலைகள் இருப்பதால் பிழைகள் ஓரளவு சராசரியாகிவிடும் என்பார்கள். அது உண்மைதான். அதனாலேயே அரை ஆயுள் குறைந்தவற்றைக் கணிப்பது பொதுவாக நன்றாக அமைகிறது. இருந்தாலும் நூற்றுக்கணக்கான வரிசைகள் கொண்ட அட்டவணையில் ஒவ்வொரு அணுக்கருவுக்கும் ஒற்றை எண்ணை மட்டும் அச்சடித்து, பக்கத்தில் பிழை வரம்பே போடாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2022 முதல் மிச்சிகனில் புது துகள் முடுக்கி ஓடுகிறது. அளவீடுகள் வந்துகொண்டே இருக்கும். அவை வருவதற்கு முன்னாலேயே இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று எழுதி வைத்துவிடுங்கள், ஐயா.