ஆல்வேஸ் முன்னாடி நிக்கக்கூடாதாம், சம்டைம்ஸ் நிக்கலாமாம், ஏன்னு யாரும் சொல்றதில்ல

இங்கிலீஷ் கிராமர் கைடு எதைத் தொறந்தாலும், ஒரு விஷயம் எவ்ளோ அடிக்கடி நடக்குதுன்னு சொல்ற வார்த்தைங்களுக்கு ஒரு படம் இருக்கும் பாருங்க. மேல ஆல்வேஸ் நூறு பர்சன்ட், அடியில நெவர் சைபர், நடுவுல யூஸ்வலி, ஆஃபன், சம்டைம்ஸ், ரேர்லின்னு வரிசையா எறங்கும். சம்டைம்ஸுக்கு ஒருத்தன் ஐம்பது போட்டிருப்பான், இன்னொருத்தன் முப்பது போட்டிருப்பான், எவன் உக்காந்து எண்ணுனானோ தெரியல. புள்ளைங்களும் அதை மனப்பாடம் பண்ணி டெஸ்ட்ல மார்க் வாங்கிடுதுங்க. ஆனா அந்த வார்த்தைய வாக்கியத்துல எங்க வைக்கணும்னு கேட்டா முழிக்குதுங்க. என்னைக் கேட்டா அந்த பர்சன்ட் படத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு எது முதல்ல நிக்கும் எது நிக்காதுன்னு ஒரே ஒரு பீரியட் ஒழுங்கா சொல்லிக்குடுத்தா போதும்பேன்.

தவளக்குப்பத்துல சாயங்காலம் ட்யூஷன் எடுக்கிறேன், பாண்டி பசங்களும் வரும், ரெட்டிச்சாவடி பக்கம் இருந்து கடலூர் மாவட்டத்துப் பசங்களும் வரும். ரெண்டு பக்கத்து நோட்டுலயும் ஒரே மாதிரி வாக்கியம்தான். "ஆல்வேஸ் மை ஃபாதர் இஸ் கோயிங் டு கடலூர் பை பஸ்." ஸ்கூல்ல ஆல்வேஸ சுத்தி ஒரு செவப்பு வட்டம், பக்கத்துல ராங்னு ஒரு வார்த்தை, அவ்ளோதான். ஏன் ராங்குன்னு இல்ல. அந்தப் புள்ள மேல என்னங்க தப்பு, நம்ம தமிழ்ல "எப்பவும் எங்கப்பா பஸ்லதான் கடலூர் போவாரு"ன்னும் சொல்லலாம், "எங்கப்பா எப்பவும் பஸ்லதான் போவாரு"ன்னும் சொல்லலாம், வினை கடைசியில வந்து முடிச்சு வச்சுடும், அதுக்கு முன்னாடி எது எங்க நின்னாலும் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. இங்கிலீஷ்ல அப்படி இல்ல, அங்க எடம்தான் எல்லாமே.

இதுல இன்னொரு கொடுமை என்னன்னா, ஒருதடவ வட்டம் வாங்குன புள்ள அதோட முன்னாடி எதையுமே வைக்கிறதில்ல. ஆல்வேஸ் தப்புன்னா சம்டைம்ஸும் தப்பாதான் இருக்கும்னு அதுவே முடிவு பண்ணிடுது. அப்புறம் ஹி சம்டைம்ஸ், ஷி சம்டைம்ஸ், தே சம்டைம்ஸ்னு பத்து வரி எழுதும், படிக்கிறவங்களுக்குத் தூக்கம் வந்துடும்.

சரி எது நிக்கும்? யூஸ்வலி, நார்மலி, ஆஃபன், சம்டைம்ஸ், அக்கேஷனலி, அதாவது படத்துல நடுவுல இருக்கிற கூட்டம், இதுங்க தாராளமா முதல்ல நிக்கலாம். நின்னா என்ன லாபம்னு பாருங்க. "யூஸ்வலி ஐ டேக் த பஸ். சம்டைம்ஸ் மை அங்கிள் டிராப்ஸ் மி அட் த கடலூர் பஸ் ஸ்டாண்ட்." ரெண்டாவது வாக்கியத்துல ஆளே மாறிட்டாரு, நான் போய் மாமா வந்துட்டாரு, ஆனாலும் கேக்கிறவருக்குக் குழப்பமே இல்ல, ஏன்னா அந்த சம்டைம்ஸ் முன்னாடியே வந்து இது வேற நாள் கதைன்னு சொல்லிடுச்சு. அதையே "மை அங்கிள் சம்டைம்ஸ் டிராப்ஸ் மி"ன்னு போட்டா தப்பில்ல, ஆனா முதல் வாக்கியத்துக்கும் இதுக்கும் இருக்கிற எதிரும் புதிரும் அவ்ளோ பளிச்சுன்னு தெரியாது. முன்னாடி வைக்கிறது அழகுக்கு இல்லீங்க, போன வாக்கியத்தோட கோத்து விடுறதுக்கு. இதை எந்த கைடுலயும் நான் பாக்கல.

இப்ப ஆல்வேஸுக்கு வருவோம். "சார், ரோட்டுல ஆல்வேஸ் வியர் ஹெல்மெட்னு போர்டு வச்சிருக்காங்களே, அது மட்டும் சரியா"ன்னு ஒரு பையன் கேட்டான். அருமையான கேள்வி, அவன் ஸ்கூல்ல கேட்டிருந்தா உக்கார்றான்னு சொல்லியிருப்பாங்க. அந்த போர்டுல யூ-ங்கிற ஆள் மறைஞ்சு நிக்கிறாரு, கட்டளை வாக்கியத்துல எப்பவும் அப்படித்தான். ஆளை எடுத்துட்டா வினைக்கு முன்னாடி நிக்கிற ஆல்வேஸ் தானா முதல் வார்த்தை ஆயிடுது. அது எடம் மாறவே இல்ல, வழக்கமா நிக்கிற எடத்துலயேதான் நிக்குது, முன்னாடி இருந்த ஆள்தான் காணோம். "நெவர் டச் த வயர்" கதையும் இதேதான். ஆள் வெளிய தெரியிற சாதாரண வாக்கியத்துல ஆல்வேஸ் முதல்ல வராது, ஐ-க்கு அப்புறம் வினைக்கு முன்னாடி, இஸ், ஆர், வாஸ் இருந்தா அதுக்குப் பின்னாடி, ஹேவ், வில் மாதிரி துணை வினை இருந்தா அதுக்கு அடுத்தாப்ல. முடிஞ்சுது.

அடியில இருக்கிற கூட்டம்தான் ரொம்ப சுவாரஸ்யம். நெவர், ரேர்லி, செல்டம், ஹார்ட்லி எவர். இதுங்கள முன்னாடி கொண்டு வரலாம், ஆனா சும்மா வராது, வந்தா துணை வினையை இழுத்து ஆளுக்கு முன்னாடி நிறுத்திடும். "ஐ ஹேவ் நெவர் சீன்" என்கிறது "நெவர் ஹேவ் ஐ சீன்" ஆகும். துணை வினை இல்லாட்டி டூ, டஸ், டிட் எங்கிருந்தாவது வந்து நிக்கும், "ஹி ரேர்லி கம்ஸ்" என்கிறது "ரேர்லி டஸ் ஹி கம்", அந்த கம்ஸ்ல இருந்த எஸ் டஸ்ஸுக்குப் போயிடுச்சு பாத்தீங்களா. 1940 ஆகஸ்ட் 20-ஆம் தேதி பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல சர்ச்சில் விமானப்படைக்காரங்களைப் பத்திப் பேசுனாரே, "நெவர் இன் த ஃபீல்ட் ஆஃப் ஹியூமன் கான்ஃப்ளிக்ட் வாஸ் ஸோ மச் ஓட் பை ஸோ மெனி டு ஸோ ஃபியூ"ன்னு, அதுல நெவருக்கும் வாஸுக்கும் நடுவுல எவ்ளோ வார்த்தை கெடக்கு, இருந்தாலும் அந்த வாஸ் மறக்காம திரும்பி ஸோ மச்சுக்கு முன்னாடி வந்து நின்னுடுச்சு. அந்த வாக்கியத்தோட கம்பீரமே அந்த நெவர் முதல்ல வந்து விழுறதுலதான் இருக்கு.

ஏன் திரும்புது? பழைய இங்கிலீஷ்ல முதல்ல என்னத்த வச்சாலும் பெரும்பாலும் வினை ரெண்டாவது எடத்துக்கு வந்துடுமாம், ஜெர்மன்ல இன்னைக்கும் அப்படித்தான். ஜெர்மனி போறதுக்காக ஜெர்மன் கிளாஸ் போற நர்ஸ் புள்ளைங்களைக் கேட்டுப் பாருங்க, "மான்ஷ்மால் கேஹெ இஷ்"னு சொல்லும், சம்டைம்ஸ் கோ ஐ-ங்கிற வரிசை. இங்கிலீஷ் அந்தப் பழக்கத்தைப் பெரும்பாலும் விட்டுட்டு இந்த இல்லேங்கிற கூட்டத்துக்கிட்ட இன்னும் விடாம வச்சுக்கிச்சு.

பாண்டியில இன்னொரு தலைவலி உண்டு. கடலூர்ல கெடிலம் ஆத்தோரமா தேவனாம்பட்டினத்துல இங்கிலீஷ்காரன் 1690-லயே கோட்டை வாங்கி உக்காந்துட்டான், இங்க பிரெஞ்சுக்காரன், நடுவுல நம்ம பசங்க. ஸ்கூல்ல பிரெஞ்சு எடுத்த புள்ளைங்க, அப்புறம் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்க வீட்டுப் புள்ளைங்க, நேர் எதிரா ஒரு தப்பு பண்ணுவாங்க. பிரெஞ்சுல இந்த மாதிரி வார்த்தை வினைக்குப் பின்னாடி போய் ஒட்டிக்கும், அதனால "ஐ டிரிங்க் ஆல்வேஸ் காபி"ன்னு வரும். போதாததுக்கு பிரெஞ்சுல நெவருக்கான வார்த்தைய முன்னாடி வச்சா வினை திரும்புறதும் இல்ல. ஆக ஒரே பெஞ்சுல ஒருத்தன் ஆல்வேஸை முன்னாடி தள்றான், பக்கத்துல இருக்கிறவன் பின்னாடி தள்றான், ரெண்டு பேருக்கும் ஒரே செவப்பு வட்டம். எங்கிருந்து அந்தத் தப்பு வருதுன்னு பாக்காம வட்டம் போட்டு என்ன பிரயோஜனம்?

போட்டித் தேர்வு கோச்சிங்ல இந்தத் திருப்பல நல்லா சொல்லிக்குடுக்கிறாங்க, அதை மறுக்கல, "செல்டம் ஹி கம்ஸ்"ஸைப் பாத்த உடனே எரர்னு டிக் அடிக்கப் பழக்கிடுறாங்க. ஆனா எங்க பேசணும் எங்க பேசக்கூடாதுன்னு சொல்றதில்ல. விளைவு, ஒரு தம்பி லீவ் லெட்டர்ல "நெவர் ஹேவ் ஐ பீன் ஆப்சென்ட்"னு எழுதிக் கொண்டாந்து காட்டுறான், ரெண்டு நாள் காய்ச்சலுக்கு ஹெட்மாஸ்டர்கிட்ட லீவு கேக்குறானா இல்ல கோர்ட்ல நின்னு வாதாடுறானான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. மேடையில, கட்டுரையில, அழுத்திச் சொல்லணும்கிற எடத்துல இருக்கட்டும், மத்த நேரம் "ஐ ஹேவ் நெவர் பீன் ஆப்சென்ட்" போதும்யா. இன்னும் சிலது ஒருபடி மேல போய் "சம்டைம்ஸ் டஸ் ஹி கம்"னு சம்டைம்ஸையும் திருப்புதுங்க. அந்தத் திருப்பல் நெவர் வீட்டுக்காரங்களுக்கு மட்டும்தான் கண்ணுங்களா.

எவ்ரி டே, ஒன்ஸ் எ வீக், ட்வைஸ் எ மன்த் எல்லாம் முன்னாடியும் வரலாம் கடைசியிலயும் வரலாம், அதுக்குப் பெருசா சட்டம் இல்ல.

கமா போடணுமான்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. சம்டைம்ஸ், யூஸ்வலி மாதிரி ஒத்தை வார்த்தைக்குப் போட்டாலும் சரி, விட்டாலும் சரிக்கா, அதுக்கு மார்க் கொறைச்சா நீங்க போய் தாராளமா கேக்கலாம். ஆனா நெவரை முன்னாடி வச்சு வினையைத் திருப்புனீங்கன்னா அங்க கமா வரக்கூடாது, "நெவர் கமா ஹேவ் ஐ சீன்"னு நிறுத்துனா பின்னாடி வர்ற ஹேவ் ஐ கேள்வி மாதிரி தனியா தொங்கும்.