பின்வரிசையைப் பையன்களிடம் கொடுங்கள்

வடசென்னை என்றதும் வியாசர்பாடி கால்பந்தும் ராயபுரம் குத்துச்சண்டையும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பக்கம் வந்தால் ஹாக்கி ஸ்டிக்கோடு போகும் பையன்களையும் பார்க்கலாம். ஐ.சி.எஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ஹாக்கி அணியைப் பார்த்து வளர்ந்த ஏரியா இது. எங்கள் அணியில் இந்த வருடம் பாதிப் பேர் போய்விட்டார்கள். புதிதாகக் கட்டுவோம் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். டிஃபென்ஸ் பேச்சு வந்தால் மட்டும், "பின்னால அனுபவம் வேணும்பா, பசங்கள முன்னாடி போட்டுக்கலாம்" என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கும் டேக்கிளைப் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். எப்போது பாய வேண்டும், எப்போது பின்வாங்கி எதிராளியை ஓரத்துக்குத் தள்ள வேண்டும் என்பது மேட்சில்தான் வரும். டி-க்குள், அதாவது கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டத்துக்குள், நம் காலில் பந்து பட்டால் எதிரணிக்குக் கோலடிக்கத் தனி வாய்ப்பான பெனால்டி கார்னர் என்று தெரிந்துகொண்டே நிதானமாக நிற்பதும் அப்படித்தான். அதிலும் நம் பையன்கள் பழகுவது மண் தரையில். எழும்பூர் ஸ்டேடியத்தின் டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்தரையில், தண்ணீர் தெளித்த பிறகு பந்து வரும் வேகமே வேறு. அந்த வேகத்துக்குக் கண் பழகாமல் எவனும் ஃபுல் பேக், அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கும் டிஃபென்டர், ஆக முடியாது.

ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். பையன் தடுமாறினால் இரண்டு நிமிடம் வெளியே உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பேசித் திரும்ப அனுப்பலாம். பெனால்டி கார்னர் கொடுத்த பிறகு மட்டும் அது முடியும்வரை மாற்ற முடியாது. அந்த நேரத்தில் அவன் நின்றுதான் ஆக வேண்டும். நிற்கட்டும்.

இந்திய அணியையே பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக் வெண்கலத்துக்குப் பிறகு 2021 செப்டம்பரில் ருபிந்தர் பால் சிங்கும் பிரேந்திர லக்ராவும் ஒரே நாளில் ஓய்வை அறிவித்தார்கள். இரண்டு பேருமே டிஃபென்டர்கள். அந்த இடங்களுக்கு ஜர்மன்பிரீத், சஞ்சய் போன்றவர்கள் வளர்ந்து வந்தார்கள். 2024 பாரிஸ் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். 40 நிமிடத்துக்கும் மேல் 10 பேர். அப்படியும் 1-1 என்று தாக்குப்பிடித்து, ஷூட் அவுட்டில் 4-2 என்று ஜெயித்தோம். அன்று பின்னால் நின்ற ஜர்மன்பிரீத்துக்கும் சஞ்சய்க்கும் அதுதான் முதல் ஒலிம்பிக். அதற்கு முன்பே மேட்ச் மேட்சாக இறக்கிவிட்டதால்தான் அன்றைக்கு நின்றார்கள்.

அதே அணியில் கோல் கம்பத்துக்கு நடுவே 36 வயது ஸ்ரீஜேஷும் இருந்தார். மூத்தவர் ஒருவர் வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். அப்படி ஒருவரை நம் அணிக்குக் காலின் வேகத்துக்காக எடுக்காதீர்கள், குரலுக்காக எடுங்கள். "இடது பக்கம் மூடு, ஆள விடாத" என்று ஆட்டம் முழுக்கக் கத்தத் தெரிந்த ஓர் அண்ணன் நடுவில் போதும். மூன்று அண்ணன்கள் நின்றால் பையன் பெஞ்சில்தான் இருப்பான்.

பெஞ்சில் இருப்பதற்கு நம் ஏரியாவில் என்ன விலை என்று யாரும் பேசுவதில்லை. ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு 25 வயதுதான் உச்சவரம்பு. தேசியப் போட்டிகளில் ஆடிய சான்றிதழும் வேண்டும். மாநிலத் தேர்வாளர்கள் கண்ணில் பட வேண்டுமென்றால் 19, 20 வயதில் அவன் களத்தில் இருக்க வேண்டும். 23 வயதுவரை காத்திருக்க வைத்தால், வீட்டில் வாடகையையும் தங்கச்சி ஃபீஸையும் நினைத்து டெலிவரி வேலைக்குப் போய்விடுவான். அப்புறம் ஸ்டிக் பரண்மேல்தான். அப்படிப் போன நல்ல டிஃபென்டர்களை நம் தெருக்களிலேயே எனக்குத் தெரியும்.

அண்ணன்மார்களிடம் உரிமையோடு கேட்கிறேன். உங்கள் ஆட்டத்தைப் பார்த்துத்தான் நாங்கள் ஸ்டிக் பிடித்தோம். இந்த சீசன் முழுக்க வலது, இடது ஃபுல் பேக் இரண்டையும் பையன்களுக்கே கொடுங்கள். முதல் மேட்சில் நாலு கோல் வாங்கினாலும் இரண்டாவது மேட்சில் அதே பையன்களை இறக்குங்கள். பெனால்டி கார்னரில் முதலில் பாய்ந்து ஓடும் ரஷரைத் தயார்செய்யும் பொறுப்பை உங்களில் ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள். முகக்கவசமும் முட்டிக் காப்பும் வாங்கப் பணம் திரட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.