மாவுக்கட்டோட ஒரு மேஜர்

எங்க காசிமேட்டுத் தெரு கேரம் கிளப்புல ஜனவரி 26-க்குக் கொடியேத்தினப்போ, மைக் பிடிச்ச தம்பி மேஜர் சோம்நாத் சர்மாவைப் பத்திப் பேசினான். ஓர் அங்குலம்கூடப் பின்வாங்க மாட்டேன், கடைசி ஆள் கடைசித் தோட்டா வரைக்கும் அடிப்பேன்னு அவர் வயர்லெஸ்ல சொன்னதைச் சொன்னதும் ஒரே விசில். நானும்தான் அடிச்சேன். ஆனா எனக்கு அந்த வசனத்தைவிட, அன்னிக்கு அவர் செஞ்ச ஒரு எடுபிடி வேலைதான் பெருசாத் தெரியுது.

1947 நவம்பர் 3, காஷ்மீர்ல பட்காம். ஸ்ரீநகர் விமானத்தளத்துக்குப் பக்கத்து ஊர். தளம் போச்சுன்னா தில்லியிலேருந்து படை வந்து இறங்க வழியில்லை. அங்க நின்னது குமாவோன் ரெஜிமென்ட் 4-வது பட்டாலியனோட டி கம்பெனி, மேஜர் தலைமையில இருந்த ஒரு சின்னப் படைப்பிரிவு. எதிர்ல பாகிஸ்தான் பக்கத்துலேருந்து ஊடுருவி வந்த ஏழு மடங்கு ஆளுங்க. மேஜருக்கு வயசு 24. ஹாக்கி ஆடி ஒடிஞ்ச இடது கையில மாவுக்கட்டு. வீட்டுல கிடக்கவேண்டிய மனுஷன், அடம்பிடிச்சு வந்திருக்காரு.

குண்டு பறக்கிற வெட்டவெளியில ஓடி, நம்ம விமானத்துக்கு அடையாளம் காட்டத் துணியை விரிச்சாரு. ஆளுங்க விழ விழ, லைட் மெஷின்கன்னுக்கு மேகசின் நிரப்பக் கை பத்தலை. கட்டுப்போட்ட கையோட அவரே உட்கார்ந்து நிரப்பினாரு. ஸ்பிரிங்கை அழுத்தி ஒவ்வொரு தோட்டாவாத் திணிக்கணும். அந்த வேலையில இருக்கிறப்போதான் மார்ட்டர் குண்டு தோட்டாக் குவியல்ல விழுந்து வெடிச்சது. போர்ல வீரத்துக்குக் குடுக்கிற நாட்டோட பெரிய விருதான பரம் வீர் சக்ரா, முதல்ல அவருக்குத்தான்.

எங்க நைனா ஹார்பர்ல மூட்டை தூக்கினவரு. ஒரு மேஸ்திரியைப் பத்தி மட்டும் சாகிறவரை பேசுவாரு. ஆள் குறைஞ்சா துண்டைச் சுத்திக்கினு தானே முதுகைக் குடுப்பாராம். "அந்தாளு சொன்னா நைட்டும் நிப்போம்டா." மூட்டையும் குண்டும் ஒண்ணில்ல, தெரியும். ஆனா ஆளுங்க ஏன் நிக்கிறாங்கன்றது ஒண்ணுதான்.

கூட்டம் கலைஞ்சதும் டீக்கடையில இதைச் சொன்னேன். ஆபீசர்னா ஆர்டர்தான் போடணும், தோட்டா அடைக்கிறதுக்கா மேஜர்னு ஒரு அண்ணன் மடக்கினாரு. நியாயமான கேள்விதான். மேஜர் வயர்லெஸ்ஸையும் விடலை, தோட்டாவையும் விடலை, அதுதான் விஷயம். விருதுக் குறிப்புல ஒரு வரி இருக்கு: அந்தக் கம்பெனி ஆறு மணி நேரம் தாக்குப்பிடிச்சது, அதுல ஒரு மணி நேரம் அவர் செத்ததுக்கு அப்புறம். ஆர்டர் போட அந்த மேஜரே இல்லாத ஒரு மணி நேரம்ணா அது.

அண்ணன் கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்தாரு. அப்புறம் தன்னோட இடது கையை மடக்கி வயித்தோட வெச்சுக்கினு, பிஸ்கட் பாக்கெட்டை ஒத்தைக் கையால பிரிக்கப் பார்த்தாரு.